வார்டா, துணை சுகாதார நிலையமா, பிரசவ அறையா: நர்சிங் முடித்தவர் முன்னால் இருக்கும் பாதைகள்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிந்துவிட்டு வேலை தேடும் பிள்ளையிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். கல்விக் கடன் வாங்கிய வீட்டில் அது நியாயமான கேள்வி. அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள் என்பேன். இந்த வேலையில் நோயாளியைப் பற்றி நானே முடிவெடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது? இந்த வேலை எத்தனை காலம் என் கையில் இருக்கும்?

மூன்று கேள்விக்கும் ஒருசேர நல்ல பதில் தரும் பணியிடம் தமிழ்நாட்டில் இன்று அரிது. செவிலியரின் சொந்தத் தீர்மானத்தை நம்பி உருவாக்கப்பட்ட புதிய வேலைகள் தொகுப்பூதியத்தில், அதாவது நிரந்தரம் இல்லாத ஒரே தொகைச் சம்பளத்தில், இருக்கின்றன. காலமுறை ஊதியமும் சர்வீஸ் புக்கும் உள்ள நிரந்தர வேலைகளில், டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியதை நிறைவேற்றுபவராகவே செவிலியரை இன்னும் வைத்திருக்கிறார்கள். இந்த முரண் எல்லாப் பாதைகளிலும் ஏதோ ஒரு வகையில் குறுக்கே வரும். அதனால் எது சிறந்தது என்பதைவிட எதை முதலில் எடுப்பது, எதைப் பிறகு எடுப்பது என்று யோசிப்பதே பயன் தரும். பல வருஷம் வார்டில் இருந்துவிட்டு இப்போது சமுதாய நலச் செவிலியம் கற்பிப்பவள் நான். இறுதியாண்டு மாணவர்களிடம் பேசுவதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

வார்டு

குறைந்தது இரண்டு வருஷம் வார்டைக் கடக்காமல் வேறு எதற்கும் போகாதீர்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வயிறு லேசாக உப்பியிருப்பவர், மூச்சு எண்ணிக்கை 18லிருந்து 26க்கு ஏறியவர், வலி ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வியர்த்துப் போகும் சர்க்கரை நோயாளி: இவர்களை நாற்பது படுக்கைக்கு நடுவில் பிரித்துப் பார்க்கும் கண் வார்டில்தான் கிடைக்கும். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணாமல் சார்ட்டில் 20 என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது வார்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். உடல் நிலை கெடுவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் அந்த எண்தான். அதை எண்ணப் பழகியவர் பிறகு எந்தக் கிராமத்தில் தனியாக உட்கார்ந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

எந்த மருத்துவமனையின் வார்டு என்பது அடுத்தது. தனியாரில் சேரும்போது சம்பளத்தைக் கேட்கும் அதே மூச்சில், நைட் டியூட்டியில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்று கேளுங்கள். பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இதை முழுக்கக் கடைப்பிடிக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆனாலும் ஒருவருக்கு எட்டு என்பதற்கும் ஒருவருக்கு இருபது என்பதற்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. எட்டுப் பேரைப் பார்ப்பவர் நோயாளியைப் பார்க்க முடியும். இருபது பேரைப் பார்ப்பவருக்கு ஊசி போடவும் டிரிப் மாற்றவும் ரிஜிஸ்டர் எழுதவுமே டியூட்டி முடிந்துவிடும். அங்கே ஐந்து வருஷம் இருந்தாலும் அனுபவம் ஐந்து வருஷமாக வளராது.

தனியார் சம்பளம் குறித்துச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் கொடுத்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அந்த மாநில அரசுச் செவிலியருக்குச் சமமாகத் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழ் உள்ளதும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுமார் பத்து வருஷம் ஆகியும், மாவட்டத் தலைநகரங்களில் புதிதாகச் சேரும் செவிலியர் கையில் வாங்குவது இன்னும் அதற்குக் கீழேதான். பக்கத்துக் கேரளத்தில் செவிலியர்கள் 2017இலும் 2018இலும் தெருவில் இறங்கிப் போராடி 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை அரசாணையாகவே வாங்கினார்கள். நம் ஊரில் அப்படியொரு கூட்டுக் குரல் தனியார் மருத்துவமனைச் செவிலியரிடம் எழாதது பெரிய குறை. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாண்டு (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) என்ற பெயரில் அசல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நகலைக் கொடுத்துவிட்டு அசலைக் காட்டினால் போதும். அதற்கு ஒப்புக்கொள்ளாத இடம் உங்களுக்கு வேண்டாம்.

அரசு வார்டு என்றால் எம்.ஆர்.பி. தேர்வு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருபவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில்தான் சேர்கிறார்கள். 2015இல் அது 7,700 ரூபாய். போராடிப் போராடி இப்போது 18,000 அளவுக்கு வந்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் காலமுறை ஊதியம் என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தவர்கள், காலிப்பணியிடம் வரும்வரை அதைவிட வெகுகாலம் காத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டு, பி.பி.இ. உடைக்குள் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. இருந்தும் எம்.ஆர்.பி. பாதையை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. நிரந்தரமானபின் கிடைக்கும் சம்பளமும் மகப்பேறு விடுப்பும் இடமாறுதல் உரிமையும் வேறு எங்கும் ஒன்றாகக் கிடைக்காது. காத்திருக்க வேண்டிய வருஷங்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு போங்கள்.

மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு தனிக் கதை. ஊதிய நிலை 7, தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், முதல் நாளிலிருந்தே நிரந்தரப் பணியிடம். பெண்களுக்கு 80 சதவீதம், ஆண்களுக்கு 20 சதவீதம் இடம். வடக்கே எங்கோ ஒரு ஊரில், இந்தி பேசும் நோயாளிகளுக்கு நடுவில் வாழ மனம் இருந்தால் சம்பளக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இந்தியாவில் இல்லை. நம் பிள்ளைகள் இந்தத் தேர்வை எழுதத் தயங்குவது எனக்குப் புரியவில்லை. மலையாளப் பிள்ளைகளும் ராஜஸ்தான் பிள்ளைகளும் இறுதியாண்டிலேயே இதற்குப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

துணை சுகாதார நிலையம்

ஐயாயிரம் பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 8,700 துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அங்கே நெடுங்காலமாக இருப்பவர் வி.எச்.என். எனப்படும் கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்களுக்கு அவர் நர்சம்மா. தாய்மார்களுக்குப் பிக்மி எனும் கர்ப்பப் பதிவு எண் போடுவது, தடுப்பூசி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கான பதிவு என்று எல்லாம் அவர் கையால்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதற்கும், 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 97 தாய் மரணம் என்ற தேசிய அளவுக்கு எதிரே இங்கே 54 என்று இருந்ததற்கும் அந்த நர்சம்மாக்களின் நடை பெரும் காரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைச் சுழற்சி முறையில் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது இன்னொரு காரணம்.

2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இந்த நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றியபோது, நர்சிங் பட்டம் பெற்றவருக்கு அங்கே புதிதாக ஒரு நாற்காலி வந்தது. மற்ற மாநிலங்களில் சமுதாய சுகாதார அலுவலர் என்பார்கள். நம் ஊரில் எம்.எல்.எச்.பி., அதாவது இடைநிலை சுகாதாரப் பணியாளர். டிப்ளமா நர்சிங்கோ பி.எஸ்சி.யோ முடித்தவர் விண்ணப்பிக்கலாம். சமுதாய நலச் சான்றிதழ்ப் பாடம் ஆறு மாதம். பி.எஸ்சி. பாடத்திட்டத்திலேயே அது சேர்க்கப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்களுக்குத் தனியாகத் தேவையில்லை. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் மாதம் 18,000 ரூபாய், ஒப்பந்தம்.

இந்த வேலை வார்டு வேலையிலிருந்து எப்படி வேறுபடுகிறது? வார்டில் நோயாளி உங்களிடம் வரும்போது அவருக்கு நோய் இருக்கிறது என்று வேறொருவர் முடிவு செய்திருப்பார். துணை சுகாதார நிலையத்தில் அந்த முதல் சந்தேகமே உங்களுடையது. முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் பிரஷர், சுகர் பார்ப்பதும், புகையிலை போடுபவரின் வாயைத் திறந்து வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பதும், மார்பகத்தில் கட்டியைத் தடவிப் பார்ப்பதும், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பதும் உங்கள் வேலை. யாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, யாரை இங்கேயே வைத்துப் பார்ப்பது, யாருக்கு இசஞ்சீவனி என்ற இணையவழி மருத்துவ ஆலோசனை மூலம் டாக்டரைத் திரையில் காட்டுவது என்பதை நீங்களே தீர்மானிப்பீர்கள்.

இதன் அவசரத்தைச் சொல்ல ஒரு கணக்கு போதும். 2020இல் நடந்த மாநில ஆய்வில், தமிழ்நாட்டின் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அது கட்டுப்பாட்டில் இல்லை. மாத்திரை விலை மலிவு, டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் கூலி வேலைக்குப் போகும் மனிதர் மாதம் ஒருமுறை அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்க மாட்டார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தச் சிக்கலைத்தான் பிடித்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறார். அளவு தாறுமாறாக இருப்பவரைக் கண்டறிந்து மேலே அனுப்பும் இணைப்பாக எம்.எல்.எச்.பி. இருக்கிறார். 2024இல் ஐ.நா.வின் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தபோது மேடையில் யார் வாங்கினார்கள் என்பதைவிட, அந்த விருதைச் சம்பாதித்தவர்கள் யார் என்பதை நான் என் வகுப்பில் பேசினேன்.

காசநோயிலும் இதே மாற்றம். 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' ஆய்வகமோ எக்ஸ்ரேயோ கேட்கவில்லை. நோய் உறுதியானவுடன் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி நிற்க முடிகிறதா என்பதை மட்டும் பார்த்து, இறந்துபோகும் அபாயம் உள்ளவரைப் பிரித்து உடனே படுக்கையில் சேர்க்கச் சொன்னது. இவை எல்லாமே ஒரு செவிலியர் பத்து நிமிஷத்தில் பார்க்கக்கூடியவை. மூச்சை எண்ணுங்கள் என்று மேலே சொன்னதன் பொருள் இங்கே வந்து நிற்கிறது.

இனி இந்தப் பாதையின் கசப்பு. எம்.எல்.எச்.பி.யும் வி.எச்.என்.னும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். ஒருவர் பட்டம் படித்தவர், வயதில் இளையவர், ஒப்பந்தம். மற்றவர் ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு, ஊரில் இருபது வருஷப் பழக்கம், நிரந்தரம். காகிதத்தில் குழுவுக்குத் தலைவர் இளையவர். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் இதில் வரக்கூடிய உரசலைப் பற்றிப் போதுமான அளவு யோசித்ததாகத் தெரியவில்லை. நன்றாக நடக்கும் நிலையங்களில் என்ன பார்க்கிறோம் என்றால், புதிதாக வந்தவர் முதல் மூன்று நான்கு மாதம் நர்சம்மாவுக்குப் பின்னால் தெருத் தெருவாக நடந்திருப்பார். எந்த வீட்டில் குடிப்பழக்கம், எந்த வீட்டில் மருமகளை வெளியே விடமாட்டார்கள், யாருடைய சுகர் மாத்திரை யாருடைய வயிற்றுக்குள் போகிறது என்பதெல்லாம் நர்சம்மாவின் தலைக்குள் இருக்கிறது, எந்த ஆப்பிலும் இல்லை. அக்கா என்று கூப்பிட்டு அதைக் கற்றுக்கொண்டவர்கள் நிலைத்தார்கள்.

ஆப் பற்றிச் சொன்னால் எழுத்து வேலை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே நோயாளியின் விவரத்தை ஒன்றுக்கு மேற்பட்ட இணையதளத்தில் ஏற்றிவிட்டு ரிஜிஸ்டரிலும் எழுதும் நிலை இருக்கிறது. நோயாளியின் காலைப் பார்க்க வேண்டிய நேரத்தைத் திரை தின்கிறது. சட்டமும் பாதித் தூரம்தான் வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இடைநிலையில் பணியாற்றும் சமுதாய சுகாதாரப் பணியாளருக்குக் குறிப்பிட்ட மருந்துகளை எழுத வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்று கதவைத் திறந்தது. நம் துணை சுகாதார நிலையங்களின் அன்றாடம் இன்னும் டாக்டர் எழுதிய மருந்தைத் தொடர்ந்து தருவதாகவே இருக்கிறது. பொறுப்பைக் கொடுத்துவிட்டு உரிமத்தையும் நிரந்தரத்தையும் கொடுக்காமல் வைத்திருப்பது செவிலியருக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல. மூன்று வருஷம் பழகி ஊரைத் தெரிந்துகொண்டவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், அந்த ஐயாயிரம் பேருக்கும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு இணையாக நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 708க்குத் திட்டமிட்டு, 2023 ஜூன் மாதம் 500 மையங்களை ஒரே நாளில் திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. அங்கே டாக்டர் இருப்பதால் உங்கள் தீர்மானத்துக்கு இடம் சற்றுக் குறையும். நைட் டியூட்டி இல்லாததால் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இது வசதி.

பிரசவ அறை

மூன்றாவது பாதையைப் பற்றி நம் கல்லூரிகளில் போதுமான அளவு பேசுவதில்லை. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிய நர்சிங் பள்ளி, நாட்டின் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று. அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது மகப்பேறு பார்ப்பதைத்தான். நம் பதிவுச் சான்றிதழில் இன்றும் செவிலியர் என்பதோடு மிட்வைஃப் என்றும் இருக்கிறது. ஆனால் பெரிய மருத்துவமனையின் லேபர் வார்டில், சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்தைக்கூட மருத்துவ மாணவரோ டாக்டரோ பார்க்க, செவிலியர் ட்ரே எடுத்துக் கொடுப்பவராகச் சுருங்கிப்போனார்.

மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட மகப்பேறு செவிலியச் சேவை வழிகாட்டுதல் இதைத் திருப்பிப் போட முயன்றது. பதிவுபெற்ற செவிலியர் 18 மாதம் கூடுதலாகப் படித்தால், சிக்கல் இல்லாத கர்ப்பத்தைத் தொடக்கம் முதல் பிரசவத்துக்குப் பிறகுவரை தானே பொறுப்பேற்றுப் பார்க்கலாம். சிக்கல் தெரிந்த நொடியில் டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். தெலங்கானா இதற்கு முன்பே, 2017இல், ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் ஃபவுண்டேஷனோடும் யுனிசெஃப்போடும் சேர்ந்து அரசுச் செவிலியருக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கியது. அங்கே பிரசவங்களில் பாதிக்கும் மேல் சிசேரியன் என்று 2015–16 தேசிய குடும்ப நல ஆய்வு காட்டியிருந்தது. அந்த அவசரம் அவர்களைத் தள்ளியது.

சிசேரியன் கணக்கில் தமிழ்நாடும் ரொம்பப் பின்னால் இல்லை. 2019–21 ஆய்வின்படி இங்கே 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனையில் 36, தனியாரில் 63.8. தாயைக் காப்பாற்றும் சிசேரியனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வலி எடுத்த பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று, நடக்கவிட்டு, விரும்பிய நிலையில் உட்காரவிட்டு, முதுகைத் தேய்த்துவிட்டு, பார்ட்டோகிராப் என்ற பிரசவ முன்னேற்ற வரைபடத்தில் மணிக்கு மணி குறித்து, அவசரப்படுத்தாமல் காத்திருக்க ஒருவர் இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காத சிசேரியன்களைப் பற்றித்தான் பேசுகிறேன். காத்திருப்பதும் ஒரு சிகிச்சை. அதற்கு நேரமும் பயிற்சியும் உள்ளவர் வேண்டும். ஒரே ஷிஃப்டில் முப்பது பிரசவத்தைக் கவனிக்கும் டாக்டரால் அது முடியாது.

முடிவெடுக்கும் உரிமை என்ற அளவுகோலில் இந்தப் பாதை வார்டைவிடவும், என் கணக்கில் துணை சுகாதார நிலையத்தைவிடவும் மேலே. ஆனால் சேர்வதற்கு முன்னால் ஒன்றை விசாரிக்காமல் போகாதீர்கள்: 18 மாதம் முடித்தபின் அந்தப் பெயரில், அந்த அதிகாரத்தோடு பணியிடம் இருக்கிறதா, அல்லது பழைய லேபர் வார்டுக்கே திருப்பி அனுப்புவார்களா? பயிற்சி மையம் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் சான்றிதழ் தருகிறது என்பதைவிட, சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பது முக்கியம். ஏற்கெனவே அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவருக்கு இந்தப் படிப்பை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். அவருக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை. கைக்காசு போட்டுப் படிக்க நினைக்கும் புதியவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன்.

மற்றவை

ஐ.சி.யு.வில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வென்டிலேட்டரையும் ரத்த வாயுக் கணக்கையும் டாக்டரோடு சேர்ந்து பேசும் அளவுக்குத் தயார்ப்படுத்துகிறது. வேலை பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளில்தான்.

நோய் ஆதரவு சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகக் குறைவு. அதைச் சொல்லும்போதே எனக்குக் குரல் தழுதழுக்கும். புற்றுநோய் முற்றியவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புண்ணைச் சுத்தம் செய்து, மகளுக்கு மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கக் கற்றுத்தரும் வேலை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வட்டார அளவில் இதற்கென்று செவிலியர் இருக்கிறார். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம் கேரளத்தில் 2008இல் அரசுக் கொள்கையாகவே ஆனது. அங்கே இதன் முதுகெலும்பு செவிலியர்தான். மனம் தாங்கும் என்றால் இதைவிட நேரடியான செவிலியப் பணி வேறில்லை. சம்பளம் எம்.எல்.எச்.பி. மாதிரிதான்.

வெளிநாடு போவதைப் பற்றி ஏற்கெனவே எல்லாருக்கும் நிறையத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம், டேட்டாஃப்ளோ எனும் சான்றிதழ்ச் சரிபார்ப்பு, உரிமத்துக்கான ப்ரோமெட்ரிக் தேர்வு. இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வு. 2024க்குப் பிறகு இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் வெளிநாட்டில் இருந்து ஆள் எடுப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டன. பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். ஜெர்மனி கதவு திறந்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்ச்சி வேண்டும். அங்கே செவிலியர் வேலையின் உள்ளடக்கமே வேறு. நம் ஊரில் கூட இருக்கும் உறவினரும் ஆயாவும் செய்யும் குளிப்பாட்டுதல், ஊட்டுதல், துணி மாற்றுதல் எல்லாம் அங்கே பட்டம் பெற்ற செவிலியரின் கடமை. அதைக் கீழான வேலை என்று நினைப்பவர் அங்கே போய் உடைந்துவிடுவார். ஏஜென்டிடம் போவதற்கு முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். 1978இலிருந்து இயங்கும் அரசு நிறுவனம் அது.

எதை முதலில்

வீட்டில் கடன் அழுத்துகிறது, திருமணம் இன்னும் ஆகவில்லை, எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில் இருப்பவர் முதல் ஆண்டே நார்செட்டுக்குப் படிக்கட்டும். படித்துக்கொண்டே ஒரு பெரிய மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் இருக்கட்டும். ஐ.சி.யு.வுக்கு நேராகப் போக வேண்டாம். அங்கே மானிட்டர் சொல்வதைக் கேட்கப் பழகிவிட்டால் நோயாளி சொல்வதைக் கேட்பது கடினமாகிறது.

சொந்த மாவட்டத்தை விட்டுப் போக முடியாதவர், இரண்டு வருஷ வார்டுக்குப் பிறகு எம்.எல்.எச்.பி.க்குப் போகலாம். எம்.ஆர்.பி. அறிவிப்பு வரும்போதெல்லாம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் கற்றது வார்டுக்குத் திரும்பினாலும் வீணாகாது. வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த செவிலியர் கொடுக்கும் டிஸ்சார்ஜ் அறிவுரையை நோயாளி கடைப்பிடிப்பார். "உப்பைக் குறைங்க" என்று சொல்வதோடு நிற்காமல், கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்பார்.

கல்யாணமாகிக் குழந்தை பெற்று நாலைந்து வருஷம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வர நினைப்பவர்களுக்கும் எம்.எல்.எச்.பி.யும் நகர்ப்புற மையமும் நல்ல வாசல். தமிழ்நாட்டில் எம்.எல்.எச்.பி.க்கு வயது வரம்பு 50 என்று பெரும்பாலான அறிவிப்புகளில் வருகிறது. முதலில் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அந்தக் காகிதத்துக்காக அலையும் நிலை வேண்டாம்.

ஆர்டர் கைக்கு வந்தவுடன், சேர்வதற்கு முன் ஒரு நாள் அந்தத் துணை சுகாதார நிலையத்தை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, பிரஷர் கருவி வேலை செய்கிறதா, சுகர் ஸ்ட்ரிப் இருப்பு எவ்வளவு, அவசரத்துக்கு 108 வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எல்லாம் அங்கே இருக்கும் நர்சம்மாவிடமே கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் எத்தனை மாதம், எந்தத் தேதியில் புதுப்பிப்பு, மகப்பேறு விடுப்பு உண்டா என்று மூன்றையும் எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்தில் இல்லாததை மாவட்ட அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்துக் கேளுங்கள். கூடவே சேரும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள். 7,700 ரூபாய் 18,000 ஆனது அப்படிக் கேட்டதால்தான்.